வலப்பூ

உக்காருங்க டீச்சர். இனி பஸ்ஸு மூணேகாலுக்குத்தான். அதுவும் டிரைவருக்கு மனசு இருந்தா ஊருக்குள்ள வருவான், இல்லீன்னா கைகாட்டியிலயே திருப்பிக்கிட்டுப் போயிருவான். இந்த வெயில்ல அங்க போயி நின்னு என்ன பண்ணப் போறீங்க? இங்க மண்டபத்துல நெழலு இருக்குது. கொடத்துல தண்ணி இருக்குது. நான் ஒருத்தன் பேச்சுத் தொணைக்கு இருக்கறேன்.

நீங்கதான் கேட்டீங்க, இத்தினியூண்டு நொச்சிக்காட்டுவலசுக்கு வெள்ளிக்கெழமையானா எதுக்கு இத்தன காரு வருதுன்னு. கேக்காம இருந்திருந்தா நானும் சொல்லாம இருந்திருப்பேன். கேட்டுட்டீங்க. இனி காதப் பொத்துனாலும் உடமாட்டேன். ஊருக்கே தெரிஞ்ச கதைதான். ஆனா ஊரு சொல்றது வேற, நடந்தது வேற. நடந்தது எனக்குத்தானுங்களே தெரியும்? நான்தானே இந்தக் கோயில் பூசாரி. அய்யாவு பூசாரின்னா வெள்ளகோயில் வரைக்கும் தெரியும். இப்பத் திருப்பூர் வரைக்கும் தெரியுது. தெரியாமயே இருந்திருக்கலாம்.

காரெல்லாம் பூ கேக்க வர்றதுங்க. உங்க ஊர்ப் பக்கம் இந்த வழக்கம் இருக்குதோ என்னமோ. போர் போடலாமா, இந்தப் பொண்ணக் கட்டலாமா, அந்தக் காட்ட வாங்கலாமான்னு எதையாச்சும் கேட்டுக்கிட்டு வருவாங்க. நான் ரெண்டு அரளிப்பூ எடுத்து, தண்ணியில தொட்டு, அம்மனோட வலத்தோள்ல ஒண்ணு, எடத்தோள்ல ஒண்ணு ஒட்டி வெப்பேன். எது மொதல்ல உழுகுதுன்னு பாக்கோணும். வலப்பூ உழுந்தாச் செய்யி. எடப்பூ உழுந்தா உட்டுரு. அவ்வளவுதான். இந்த வட்டாரத்துல பூ கேக்காம ஒரு ஆட்டுக்குட்டி கூட வாங்கமாட்டாங்க.

இப்ப ஒரு ரகசியம் சொல்றேன். ரகசியம் என்ன ரகசியம், மைக்குல சொன்னதுதான். எந்தப் பூவுல தண்ணி கம்மியா இருக்குதோ அது மொதல்ல காஞ்சு உழுகும். பூவத் தொடற வெரல்ல ஈரம் எச்சா, கம்மியா, அதுலதான் இருக்குது சூட்சுமம்.

ஏமாத்துக்காரன்னு நெனச்சுராதீங்க, எனக்குக் கோவம் வந்துரும். பத்துல ஒம்போது பூ அது பாட்டுக்கு உழுந்ததுதான். ஒண்ணே ஒண்ணுல நான் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவேன். அதுவும் எதுக்கு? அண்ணனும் தம்பியும் வாய்க்காத் தகராறுல அருவாளத் தூக்கிக்கிட்டு நிக்கறான், கோர்ட்டுக்குப் போகலாமான்னு கேக்கறான். எடப்பூ. குடிகாரப் பயலுக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு கேக்கறாங்க. எடப்பூ. புள்ளயக் காலேஜுக்கு அனுப்பலாமான்னா வலப்பூ. தப்புங்களா? நீங்க வாத்தியாரு, நீங்களே சொல்லுங்க. அம்மனுக்கு ஆயிரம் சோலி. நான் பக்கத்துலயே நிக்கறவன், ஒரு கை புடிக்கறேன். முப்பத்தோரு வருசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்பத்தான் இந்த லோகு வந்தான். லோகநாதன். எங்கூர்க்காரன்தான், வெள்ளகோயில்ல சொட்டுநீர்க் கொழாய்க் கடை வெச்சிருந்தான். நல்ல பையனுங்க. பீடி சிகரெட்டு கெடையாது. போன ஆடி மாசம் வந்து காயினுன்னான். அதுக்கு இங்கிலீசுல என்னமோ ஒரு பேரு, என் வாயில நொழையாது. கையில புடிக்க முடியாத காயினு, போன்ல மட்டும் இருக்கும். இன்னைக்கு ஒண்ணு போட்டா ஆறு மாசத்துல மூணாகும்னான்.

டிவியில சொல்றாங்க பாருங்க, பேராசைப்பட்டு ஏமாந்தார்கள்னு. எனக்கு டிவியத் தூக்கிப் போட்டு ஒடைக்கலாமான்னு வரும். எங்காளுக ஈமு கோழியில சூடு பட்டவங்க. இருபது ஊட்டுல அந்தக் கோழிய வளத்து, கடைசியில அதுக்குத் தீனி போடவும் முடியாம, அடிச்சுத் திங்கவும் முடியாம அழுதவங்க. அவங்க லேசுல ஏமாறுவாங்களா? லோகு எத்தன படம் போட்டுக் காட்டியும் ஒருத்தரும் பையத் தொறக்கல. தர்மகர்த்தா செங்கோட்டண்ணன் எந்திரிச்சு, “இருக்கட்டும் லோகு. எதுக்கும் ஆத்தாள ஒரு வார்த்த கேட்டுக்குவோம்”ன்னாரு. ஏமாறக் கூடாதுன்னுதானுங்க டீச்சர் பூ கேட்டாங்க. இத யாரும் எழுதறதில்ல.

அதுக்கு மொத நாளு சாயங்காலம் லோகு இங்க வந்தான். இதோ நீங்க உக்காந்திருக்கற எடத்துல அப்பத் தகரக் கொட்டாய். மழ வந்தா அம்மன் மேலயே ஒழுகும். அவன் அண்ணாந்து பாத்தான். “ஏனுங்ணா, அம்மன் நல்ல வாக்கு குடுத்துருச்சுன்னா இந்தத் தகரத்தப் பிரிச்சுட்டு கான்கிரீட் போட்டுத் தர்றேன்”ன்னான். நான் வெளக்குத் திரியக் கிள்ளிக்கிட்டு இருந்தேன். “உள்ள வேர்வையில வெந்து சாகறீங்களே, ஒரு ஃபேனும் மாட்டிர்றேன்”ன்னான்.  காசு கீசு ஒரு பைசா வாங்கலைங்க நான். எங்க வேணும்னாலும் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்றேன். அவனா என் பேர்ல அந்த ஆப்புல ஒரு கணக்குத் தொறந்து கொஞ்சம் காயினு போட்டு வெச்சான். அது காசில்லைங்களே, காயினு.

இன்னொண்ணு சொல்றேன். லோகு பொய் சொல்லலைங்க. மாமனார் ஊட்டு நகையையெல்லாம் வாங்கி அவனே அதுல போட்டிருந்தான். ஒருத்தன் பொய் சொன்னா எனக்கு மூஞ்சியப் பாத்தே தெரியும், எத்தன மூஞ்சியப் பாத்திருக்கறேன்! இவன் நம்பிக்கிட்டுச் சொன்னான். நம்பிக்கிட்டுச் சொல்றவன என்னன்னு கண்டுபுடிக்கறது?

மக்யா நாளு விடிஞ்சா வெள்ளிக்கெழம. ஊரே வந்து நின்னுச்சு. எடப்பூவுல நாலு சொட்டுத் தண்ணி எச்சா. நாலு சொட்டுங்க டீச்சர்! வேறென்ன பண்ணுனேன் நான்? வலப்பூ உழுந்துச்சு. அடுத்த வாரத்துக்குள்ள அறுபத்தி நாலு ஊட்டுல அம்பது ஊடு போட்டாச்சு.

அந்த அம்பதுல ஒண்ணு பாவாத்தா ஊடு. அவளப் பத்தித்தான் நான் சொல்ல வந்தது. புருசன் லாரி மோதிச் செத்து ஒம்போது வருசம். ஒரே பொண்ணு, கோயமுத்தூர்ல நர்சுக்குப் படிக்குது. ஆறு மாடு, நாலு சிந்து, ரெண்டு கலப்பு. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுப் பாலு கறந்து சொசைட்டிக்கு ஊத்தி, அந்தப் பொண்ணப் படிக்க வெக்கறா. புருசன் செத்ததுக்கு வந்த இன்சூரன்சுப் பணத்தத் தொடாம பேங்குல வெச்சிருந்தா. ஊருக்கு வாக்குக் குடுத்தாச்சு, அப்பவும் அவ தனியா வந்தா. “பூசாரியண்ணா, எனக்குன்னு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க. அவரு இருந்தா அவரக் கேப்பேன். எங்கப்பன் இருந்தா அவரக் கேப்பேன். எனக்கு ஆத்தாள உட்டா யாருங்க இருக்கறா?”ன்னா.

 வேண்டாம், இவளுக்கு எடப்பூ உழட்டும்னு நெனச்சேன். கையத் தண்ணியில உட்டுட்டேன். அப்புறம் ரோசன பண்ணுனேன். ஊருக்கெல்லாம் வலப்பூ, இவளுக்கு மட்டும் எடப்பூன்னா, நாளைக்கு நாலு பேரு என்ன கேப்பான்? அம்மனுக்கு ரெண்டு நாக்கான்னு கேப்பான். அம்மனுக்குக் கெட்ட பேரு வரலாமுங்களா? வலப்பூதான் உழுந்துச்சு. பாவாத்தா கண்ணுல தண்ணி. கையெடுத்து என்னக் கும்புட்டுட்டுப் போனா.

மொத நாலஞ்சு மாசம் ஊரே திருவிழாவாட்ட இருந்துச்சு. போனத் தொறந்தா நேத்தைக்கு இருந்ததவிட இன்னைக்கு எச்சா. கொஞ்சம் எடுத்துப் பாத்தாங்க, வந்துச்சு. பாவாத்தா அம்மனுக்கு ஒரு பட்டுச் சீல எடுத்தா, எனக்கு ஒரு வேட்டி. லோகு சொன்னபடி கான்கிரீட் போட்டான். அம்மனுக்கு வலப்பக்கச் செவுத்துல, உள்ளயே, ஒரு ஃபேனும் மாட்டுனான். பூ கேக்கற நேரத்துல மட்டும் நான் அதப் போடறதில்ல, வெளக்கு அணஞ்சுரும்.

பொங்கலு கழிஞ்சு பத்து நாளு. காலையில போனத் தொறந்தா காசு அங்கயே இருக்குது, எடுக்கத்தான் முடியல. ‘உங்க பணம் பத்திரமா இருக்குது, அஞ்சுல ஒரு பங்கு வரி கட்டுனா உட்ருவோம்’னு செய்தி வந்திருக்குது. லோகு ரெண்டு தடவ கட்டிட்டான். கட்டிட்டு ஊட்டுக்குள்ள உக்காந்தவந்தான், தாடியும் மீசையுமா, இப்பவும் போனத்தான் பாத்துக்கிட்டு இருக்கறான்.

ஊரு மறுபடியும் இங்கதான் வந்துச்சு. போலீசுல எழுதிக் குடுக்கலாமான்னு பூ கேட்டாங்க. எடப்பூ.

அது நான் உழ வெச்சதுதான். ஏன்னு கேக்காதீங்க. ஊர் மானம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? போலீசு வந்தா மொதல்ல யாரப் புடிக்கும்? லோகுவ. லோகு மொதல்ல யாரு பேரச் சொல்லுவான்? அதுக்குத்தான். ஊரு பேரு கெட்டுரக் கூடாதுன்னுதான்.

மாசி மாசத்துல பால் சொசைட்டி முன்னால ஊர் நாயம் பேசிக்கிட்டு நின்னப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. மாட்டு யாவாரி வந்து பாவாத்தா கட்டுத்தரையில பல்லப் புடிச்சுப் பாத்துட்டுப் போயிருக்கறான். ஆறு மாட்டையும் குடுத்துட்டு அந்த வரியக் கட்டப் போறாளாம். திங்கக்கெழம வண்டி வருது.  இன்சூரன்சுப் பணம் போச்சு, செரி. மாடும் போச்சுன்னா அவ என்னத்தத் திம்பா? அந்தப் பொண்ணு படிப்பு என்னாவறது? எப்படியாச்சும் இவளத் தடுத்தே ஆகோணும், வேற ஒண்ணும் எனக்கு ஓடல. அவ ஊட்டுக்கே போயிச் சொன்னேன், “அம்முணி, மாட்ட விக்காத”ன்னு. “ஆத்தா வாக்கு குடுத்திருக்கறாளுங்ணா, அவ கை உட மாட்டா”ன்னு மோரு கொண்டாந்து குடுக்கறா.

புதங்கெழம டவுனுக்குப் போயிட்டேன். சைபர் போலீசுன்னு இருக்குதாமே, அங்க. ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, நல்ல மாதிரி. நான் சொன்ன வரைக்கும் கேட்டுட்டுப் பேனாவக் கீழ வெச்சாங்க. “பூசாரி, பூவ நனைச்சதுக்குச் சட்டத்துல எடம் இல்லீங்க. நீங்க எவ்வளவு போட்டீங்க?”ன்னாங்க. நான் ஒண்ணும் போடலைன்னேன். என் பேர்ல இருந்த காயினு அப்ப ஞாபகத்துக்கு வரல. “அப்ப உங்களுக்கு நஷ்டமில்ல. பணம் போட்டவங்க ஒருத்தர் வந்து எழுதிக் குடுக்கட்டும், நாளைக்கே நான் உங்கூருக்கு வர்றேன்”ன்னாங்க. ஒருத்தர் வரட்டுமாம்! போகாதீங்கன்னு எடப்பூவப் போட்டு வெச்சதே நாந்தானே? அந்தம்மாகிட்ட அத எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? டீ வாங்கிக் குடுத்தாங்க, குடிச்சுட்டு வந்துட்டேன்.

இனி ஒரே வழிதான். வெள்ளிக்கெழம பூசை முடிஞ்சு ஊரே நிக்கறப்ப மைக்கப் புடிச்சேன்.  “பூவ உழ வெச்சது அம்மன் இல்ல. நாந்தான். காயினுக்கு வலப்பூவ உழ வெச்சதும் நாந்தான், போலீசுக்கு எடப்பூவ உழ வெச்சதும் நாந்தான். என் கைதான் நனச்சுச்சு. பாவாத்தா, மாட்ட வித்துராதே”ன்னு சொல்லிப் போட்டேன்.

அடிப்பாங்கன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். செங்கோட்டண்ணன் வந்து என் நெத்தியத் தொட்டுப் பாக்கறாரு. “காச்ச எதாச்சும் அடிக்குதா அய்யாவு?”ங்கறாரு. பின்னால ஒருத்தன், “புதங்கெழம டவுனு பஸ்ஸுல போனாரு, போலீசுக்காரன் மெரட்டி உட்டிருக்கறான்”ங்கறான். ஒரு பொம்பள அழுதுக்கிட்டே எந்திரிச்சா. “எம்பொண்ணுக்கு மாப்பள பாத்தப்பப் பூ கேட்டுத்தானே கட்டிக் குடுத்தேன்? ரெண்டு கொழந்த ஆச்சு. இப்ப வந்து உங்கைதான்னு சொல்றீங்களே, நாசமாப் போக, எம்பேரம்பேத்தி பொய்யா?”ன்னா. நான் என்னத்தச் சொல்ல? அந்தப் பொண்ணுக்கு நான் நனைக்கலீங்க. சத்தியமா அது தானா உழுந்தது. ஆனா இப்ப எத நம்புவாங்க?

பாவாத்தாதான் முன்னால வந்தா. கோவமே இல்ல அவ மொகத்துல. “ஏனுங் பூசாரியண்ணா, முப்பத்தோரு வருசமாப் பூ வெக்கறீங்க. அண்ணந்தம்பிகளக் கோர்ட்டுக்குப் போகாம வெச்சதும் உங்க கைதானா?”ன்னா. ஆமாம்மான்னேன். “அந்த ஊட்டுல இன்னைக்கு ஒரே ஒலையில சோறு பொங்கறாங்க. அப்ப அது நல்ல காரியந்தானே? உங்களுக்கு அந்த அறிவக் குடுத்தது யாரு?” அம்மன்தான்னேன். “அன்னைக்கு உங்க கைய நனைக்கச் சொன்னவதானுங்ணா இதுக்கும் நனைக்கச் சொல்லியிருக்கறா. நீங்க என்னமோ நீங்களாப் பண்ணுனதா நெனச்சுக்கிட்டு மனசொடிஞ்சு கெடக்கறீங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்ணா”ன்னா.

அது நான் எனக்கே சொல்லிக்கிட்ட சமாதானமுங்க டீச்சர். முப்பத்தோரு வருசமாச் சொல்லிக்கிட்டது. அத அவ வாயில இருந்து கேட்டதும் மைக்கக் கீழ வெச்சுட்டேன்.

அதுக்குள்ள செங்கோட்டண்ணன் ஒரு ரோசன சொன்னாரு. “சந்தேகம்னு ஒண்ணு வந்துருச்சு. தீத்துருவோம். பூசாரி கை படவேண்டாம். பாவாத்தா தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து அவளே வெக்கட்டும். வரி கட்டலாமான்னு கேப்போம்”ன்னாரு. எனக்கு ஒரே சந்தோசம். ஆகட்டும்னேன். என் கை படாட்டி அம்மனே எடப்பூவ உழ வெச்சு இவளக் காப்பாத்திரும்னு நம்புனேன். நான் இந்தக் கோயில்ல மனசார வேண்டிக்கிட்டது அன்னைக்கு ஒரு நாளுதானுங்க.

ஈரத் தலையோட வந்தா பாவாத்தா. ஒரே சொம்புல ரெண்டு பூவையும் தொட்டா, ஒரே மாதிரி. எனக்கே பாத்தாத் தெரியும், ஈரம் ரெண்டுலயும் ஒண்ணுதான். ஒட்டி வெச்சுட்டுப் பின்னால வந்து நின்னா.  கருவறைக்குள்ள எட்டிப் பாக்கப் பாக்க ஆளுக நெருக்கிக்கிட்டு வர்றாங்க. புழுக்கம்னா புழுக்கம், ரெண்டு பொம்பளைகளுக்கு மயக்கமே வந்துருச்சு. யாரோ கைய நீட்டி ஃபேனப் போட்டாங்க. வெளக்க அக்கட்டால நகத்தி வெச்சேன். எடத்தோளையே பாத்துக்கிட்டு நின்னேன். ஆத்தா, உழ வையி, ஆத்தா, உழ வையின்னு.

வலப்பூ உழுந்துச்சு. ரெண்டு நிமிசம் கூட ஆகல. எடப்பூ பொழுதெறங்கற வரைக்கும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

பொம்பளைக குலவ போட்டாங்க. பாவாத்தா நெடுஞ்சாண்கிடையா உழுந்து கும்புட்டா. செங்கோட்டண்ணன் என் தோளத் தட்டி, “பாத்தயா அய்யாவு? நீ வெச்சாலும் அதுதான், வெக்காட்டியும் அதுதான்”ன்னாரு. நான் என்னங்க பண்ணட்டும்? என் கை படலைங்க. நானே கண்ணால பாத்தேன். இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்காதது அது ஒண்ணுதான்.

திங்கக்கெழம காலையில வண்டி வந்துருச்சு. தடுக்கத்தான் போனேன். பாவாத்தா ஒவ்வொரு மாட்டுக்கும் நெத்தியில மஞ்சப் பூசி அனுப்பறா. மூணாவது மாடு ஒரு செவலைச் சிந்து, அவ கையில பொறந்த கன்னு, அது ஏறமாட்டேன்னு கால ஊணிக்கிச்சு. ஏத்தற பலகை ஆடுது. கால் ஒடிஞ்சு போயிருமேன்னு நான் ஓடிப் போயிப் பலகையப் புடிச்சுக்கிட்டேன். அப்படியே மிச்சம் மூணும் ஏறி முடியற வரைக்கும் புடிச்சுக்கிட்டே நின்னேன்.  வண்டி கெளம்பிப் போச்சு.

வரி கட்டுனா. நாலு நாள்ல இன்னொரு வரி கேட்டான். அதுக்கு அவகிட்ட என்ன இருக்குது? இப்ப நூறு நாள் வேலைக்கு மம்முட்டி தூக்கிக்கிட்டுப் போறா. பொண்ணு படிப்ப நிறுத்திட்டு ஒரு ஆஸ்பத்திரியில சம்பளத்துக்கு நின்னுக்கிச்சு. கட்டுத்தரையில சும்மா மொளக்குச்சி மட்டும் இருக்குது, அந்த வழியா நான் போறதில்ல. வெடியக்காலம் வேலைக்குப் போற முன்னால இங்க வந்து கும்புட்டுட்டு, என்னையும் ஒருக்காக் கையெடுத்துக் கும்புட்டுட்டுத்தான் போறா. திட்டுனாப் பரவால்லீங்க டீச்சர். செருப்பக் கழட்டி அடிச்சாக் கூடப் பரவால்ல, ரெண்டு அடி வாங்கிக்கிட்டு நிம்மதியாப் போய்ப் படுப்பேன். கும்புடறாளுங்க. அந்தக் கும்புடு என்னை உசுரோட கொல்லுது.

அந்த நாயம் எப்படியோ வெளிய பரவிப் போச்சு. பூசாரியே பொய்யின்னு சொல்லியும் அம்மன் பொய்யாகலேன்னு யாரோ போன்ல போட்டு உட்டுட்டாங்க. அதுல இருந்துதான் இந்தக் காரு. வெள்ளிக்கெழமையானா நிக்க எடமில்ல, ஃபேன் ஓடிக்கிட்டே இருக்குது. இன்னொரு அதிசயம் கேளுங்க, இப்பெல்லாம் எடப்பூவே உழுகறதில்ல. யாரு என்ன கேட்டாலும் வலப்பூதான். நான் ரெண்டு பூவையும் ஒரே மாதிரிதான் நனைக்கறேன், இனி அந்தப் பாவமே வேண்டாம்னு. ஆத்தா மனசு குளுந்து கெடக்குதுங்கறாங்க. கடை தொறக்கலாமா, தொற. கட்சி மாறலாமா, மாறு. கடன் வாங்கலாமா, வாங்கு. ஊரு ஒலகமே சந்தோசமாத் திரும்பிப் போகுது.

போயிரலாம்னு பாத்தேன். எம்மச்சினன் பெருந்துறையில மில்லுல வாட்ச்மேன் வேலை இருக்குதுன்னான். சாவியக் கொண்டு போயி செங்கோட்டண்ணங்கிட்டக் குடுத்தேன். அவரு வாங்கலையே! அய்யாவு பூசாரியே இருக்கட்டுமான்னு பூ கேட்டாங்க. என்ன உழுந்திருக்கும்னு சொல்லவா வேணும்? சாவி இதோ இடுப்புல தொங்குது.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க இங்கிலீசு நல்லாப் படிப்பீங்கல்ல? இந்தப் போனக் கொஞ்சம் பாருங்க. இந்தா, இந்த ஆப்புத்தான். லோகு எம்பேர்ல போட்டு வெச்சானே, அது இப்பப் பதினோரு லட்சத்துச் சொச்சம் காட்டுது. எனக்கு வேண்டாமுங்க அது. வந்தா மொத வேலையா பாவாத்தாளுக்கு ஆறு மாடு, அந்தப் பொண்ணு படிப்பு. மிச்சம் இருந்தாத்தான் எனக்கு. வேற எந்த வழியில நான் அவளுக்கு மாடு வாங்கறது? தட்டுல உழுகற பத்து ரூவாயிலயா?

அதனால போன மாசம் எங்கூட்டுக்காரி சங்கிலிய வெச்சு வரி கட்டுனேன். அவளுக்குத் தெரியாது, சொல்லிராதீங்க. சும்மா கட்டலைங்க. கதவச் சாத்திக்கிட்டு நான் ஒருத்தனே நின்னு பூ கேட்டேன். ஈரம் ரெண்டுலயும் ஒண்ணுதான், வேணும்னே கண்ண மூடிக்கிட்டுத் தொட்டேன். வேர்த்துக் கொட்டுச்சு, ஃபேனப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். வலப்பூ உழுந்துச்சு. அதுக்கு மேல நான் யாரக் கேக்கறது?

நேத்து ராத்திரி இந்தச் செய்தி வந்துச்சு. என்னன்னு போட்டிருக்கறான், படிச்சுச் சொல்லுங்க.

இன்னொண்ணா? அதான் வரி கட்டியாச்சுங்களே. சரிபாக்கறதுக்குத் தனியாக் கட்டணமா? எவ்வளவு? அட சாமி.

ஆமாங்க. ஆமாங்க டீச்சர். செரிங்க. நீங்க படிச்சவங்க, நல்லதுக்குத்தான் சொல்லுவீங்க. இது ஏமாத்து வேலைன்னு எனக்குத் தெரியாதுங்களா? இந்த ஊர்லயே அத மைக்கப் புடிச்சுச் சொன்ன ஆளு நான் ஒருத்தந்தானுங்க.

அங்க பாருங்க, பஸ்ஸு புழுதி கெளப்பிக்கிட்டு வருது, இன்னைக்கு ஊருக்குள்ளயே வந்துட்டான். போங்க, போங்க, கொடைய மறந்துறாதீங்க.

டீச்சர், ஒரு நிமிசம். கடைசித் தேதி எதாச்சும் போட்டிருக்கறானா?